மண்ணுக்குள் மறைந்த மரம்

1863ஆம் ஆண்டு. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் ஒரு பாய்மரக் கப்பல் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்களுள் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த 21 வயது மாணவர் ஒருவரும் இருந்தார். அவர் செல்ல வேண்டிய ஊர் உள்நாட்டில், மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் மேட்டு நிலத்தில் இருந்தது. மலைகளையும் ஆறுகளையும் கடந்து குதிரையில் 42 நாள் பயணம் செய்த பிறகே அவர் அந்தச் சிற்றூரை அடைந்தார். ஓர் ஏரியின் கரையில் அமைந்த அவ்வூரின் பெயர் லகோவா சாந்தா. புனித ஏரி என்பது அதன் பொருள். அந்த மாணவரின் பெயர் யூஜென் வார்மிங்.

அவர் அங்குத் தாவர ஆய்வுக்காக அனுப்பப்படவில்லை. முதியவர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கவும் நூல்களைப் படித்துக் காட்டவும் உதவியாளராகவே சென்றார். ஆனால், அந்த ஊரைச் சுற்றியிருந்த வறண்ட புல்வெளி அவருடைய வாழ்க்கையின் திசையை மாற்றிவிட்டது.

வார்மிங் 1841ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் மண்டோ என்னும் சிறு தீவில் பிறந்தார். டென்மார்க்கின் மேற்குக் கரையை ஒட்டிய ஆழமற்ற கடலில் அத்தீவு உள்ளது. கடல் வற்றும்போது நிலத்திலிருந்து தீவுக்குத் தரை வழியே சென்றுவிடலாம். கடல் பெருகினால் வழி மறைந்துவிடும். மரங்கள் குறைந்த, மணலும் உப்புக்காற்றும் நிறைந்த இடம் அது. தந்தையார் அங்குத் தேவாலயப் போதகராக இருந்தார். வார்மிங்கிற்கு மூன்று வயதாக இருந்தபோது அவர் காலமானார். தாயார் மகனை அழைத்துக்கொண்டு தம் சகோதரரின் ஊருக்குக் குடிபெயர்ந்தார். ரீபே நகரப் பள்ளியில் படித்த வார்மிங், 1859ஆம் ஆண்டு கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் இயற்கை வரலாறு கற்கச் சேர்ந்தார்.

படிப்பு முடிவதற்குள் பிரேசில் வாய்ப்பு வந்தது. லகோவா சாந்தாவில் பீட்டர் வில்ஹெல்ம் லுண்ட் என்ற டேனிஷ் அறிஞர் பல ஆண்டுகளாக வாழ்ந்து வந்தார். அப்பகுதியில் சுண்ணாம்புப் பாறைக் குகைகள் ஏராளம். அவற்றுள் புதைந்து கிடந்த பழங்கால விலங்குகளின் எலும்புகளைத் தோண்டியெடுத்து, உலகுக்கு அறிவித்தவர் அவர். வாள் போன்ற பற்களை உடைய பெரும்பூனையின் எலும்புகளும் அவற்றுள் அடங்கும். லுண்ட் 1840களில் குகை ஆய்வை நிறுத்திவிட்டார். ஆயினும், தாயகம் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். அவருக்குத் துணையாக இருந்து எலும்புகளைப் படமாக வரைந்து கொடுத்த நார்வே நாட்டவரான பிராண்ட் 1862ஆம் ஆண்டு இறந்து போனார். தனித்து நின்ற லுண்டிற்கு ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். அவரை நன்கு அறிந்திருந்த விலங்கியல் அறிஞர் ரைன்ஹார்ட், வார்மிங்கின் பெயரைப் பரிந்துரைத்தார். பட்டம் பெறாமலேயே ஒரு மாணவர் கடல் கடந்து போவது துணிவான முடிவுதான். திரும்பி வந்தால் வேலை கிடைக்குமா என்பதும் உறுதியில்லை.

லகோவா சாந்தாவைச் சுற்றியிருந்த நிலம் ஐரோப்பியர் கற்பனை செய்திருந்த பிரேசிலைப் போன்று இல்லை. பிரேசில் என்றதும் அமேசான் மழைக்காடே நினைவுக்கு வரும். ஆனால், நாட்டின் நடுப்பகுதியில் சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருப்பது செராடோ என்னும் சவானா நிலம். ஆண்டின் நடுவில் ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்கு அங்கு மழை மிகவும் அரிது. செம்மண் மேட்டில் புல் காய்ந்து பழுப்பாகும். அதன் நடுவே குட்டையான மரங்கள் ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும். அவற்றின் கிளைகள் முறுக்கிப் பிழிந்த துணியைப் போல வளைந்திருக்கும். பட்டை தடித்து, வெடித்து, தக்கையைப் போலிருக்கும். இலைகள் தோல் போல் விறைப்பாக இருக்கும். அதே இடத்திலிருந்து பள்ளத்தாக்கில் இறங்கினால், ஓடைக்கரையில் உயரமான பசுங்காடு நிற்கும். மேட்டில் ஒரு உலகம், பள்ளத்தில் வேறோர் உலகம். இரண்டிற்கும் இடையே சில நிமிட நடைதான்.

அக்காலத்தில் வெப்பமண்டல நாடுகளுக்கு வந்த தாவர ஆய்வாளர்கள் பலர் பயணிகளாகவே இருந்தார்கள். ஓர் ஊரில் சில நாள் தங்கி, பூத்திருப்பதைப் பறித்துக்கொண்டு அடுத்த ஊருக்குச் செல்வார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தவர்களும் உண்டு. வார்மிங்கால் அப்படிச் செல்ல இயலவில்லை. லுண்டிற்குச் செய்ய வேண்டிய பணி அவரை ஒரே ஊரில் கட்டிப்போட்டது. அந்தக் கட்டுப்பாட்டை அவர் வாய்ப்பாக மாற்றிக்கொண்டார். ஊரைச் சுற்றி ஏறத்தாழ 170 சதுர கிலோமீட்டர் நிலம். அதில் வளரும் தாவரங்களை முழுமையாகக் கணக்கெடுக்க வேண்டும் என்ற பணியை அவர் மேற்கொண்டார். இப்பரப்பு சிங்கப்பூர்த் தீவின் கால் பகுதிக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவே.

கணக்கெடுப்பு என்பது கேட்பதற்கு எளிது. ஒரு செடியின் கிளையை வெட்டி, தாள்களுக்கு நடுவே விரித்து, அழுத்தி, காய வைக்க வேண்டும். ஈரமான தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். இல்லையெனில் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்த மாதிரியுடன் இடம், நாள், உயரம், பூவின் நிறம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். காய்ந்த பிறகு நிறம் மாறிவிடும் அல்லவா? அதுமட்டுமன்று. பூ மட்டும் இருந்தால் போதாது, காயும் வேண்டும். பூக்கும் மாதம் ஒன்று, காய்க்கும் மாதம் வேறு. எனவே, ஒரே மரத்தைத் தேடி ஆண்டில் பலமுறை செல்ல நேரிடும். விரைந்து செல்லும் பயணிக்கு இது கைகூடாது. மூன்று ஆண்டுகள் ஒரே நிலத்தில் நடந்தவருக்கே கைகூடும். எந்தச் செடி எந்த மாதத்தில் இலை உதிர்க்கிறது, எப்போது துளிர்க்கிறது, எப்போது பூக்கிறது என்பதையும் வார்மிங் கவனித்து வந்தார்.

அந்தச் சவானாவில் ஏராளமாகக் காணப்பட்ட தாவரக் குடும்பங்களுள் ஒன்று அவரைக் குடும்பம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்வோருக்கு இக்குடும்பம் புதியதன்று. சமையலறையில் உள்ள பயற்றங்காயும் பருப்பு வகைகளும், சந்தையில் கொத்தாகத் தொங்கும் பெத்தாய்க் காயும், சாலையோரம் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரமும் அங்சானா மரமும், திடலில் கால் பட்டதும் இலை மூடும் தொட்டாற்சிணுங்கியும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றுள் தூங்குமூஞ்சி மரமும் தொட்டாற்சிணுங்கியும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. உலகில் ஏறத்தாழ 20,000 அவரைக் குடும்பச் சிற்றினங்கள் உள்ளன. மண்ணில் ஊர்ந்து படரும் செடி முதல் வானளாவிய மரம் வரை இதில் அடங்கும். அப்படியானால், இவை அனைத்தும் ஒரே குடும்பம் என்று எப்படிச் சொல்வது?

தாவரவியலாளர்கள் உருவத்தின் பருமனைப் பார்ப்பதில்லை. பூவையும் காயையும் பார்க்கிறார்கள். வார்மிங் காலத்தில் அவரைக் குடும்பத்தைப் பூவின் அமைப்பை வைத்து மூன்று பெரும் பிரிவுகளாகப் பிரித்தார்கள். பட்டாணிப் பூவைப் போன்று, விரிந்த வண்ணத்துப்பூச்சி வடிவில் பூப்பவை ஒரு பிரிவு. கொன்றையைப் போன்று இதழ்கள் ஏறத்தாழ ஒத்த அளவில் அமைந்தவை இன்னொரு பிரிவு. தொட்டாற்சிணுங்கியைப் போன்று, நுண்ணிய பூக்கள் பஞ்சு உருண்டையாகத் திரண்டிருப்பவை மூன்றாம் பிரிவு. 2017ஆம் ஆண்டில் மரபணு ஆய்வின் துணையோடு இப்பிரிவுகள் ஆறாக மாற்றியமைக்கப்பட்டன. இருப்பினும், காட்டில் நின்று ஒரு பூவைக் கையில் வைத்துப் பார்ப்பவருக்குப் பழைய மூன்று பிரிவுகள் இன்றும் உதவுகின்றன.

செராடோவின் அவரைக் குடும்ப மரங்கள் உள்ளூர் மக்களின் வாழ்வோடு கலந்தவை. பார்பாத்திமோ என்னும் குட்டை மரத்தின் துவர்ப்பான பட்டை தோல் பதனிடவும் புண்ணாற்றவும் பயன்பட்டது. ஜடோபா மரத்தின் கெட்டியான காயை உடைத்தால், உள்ளே மாவு போன்ற சதை இருக்கும். அதை மக்கள் உண்பார்கள். இந்த ஜடோபாவில் ஒரு புதுமை உண்டு. பள்ளத்துக் காட்டில் வளரும் ஜடோபா நெடிதுயர்ந்த மரம். மேட்டு நிலத்தில் வளரும் ஜடோபா குட்டையானது, வளைந்தது, பட்டை தடித்தது. இரண்டும் ஒரே பேரினம். ஆனால், வெவ்வேறு சிற்றினங்கள். உறவினர்தாம், ஒரே ஆள் அல்லர். இத்தகைய இணைகள் வேறு குடும்பங்களிலும் இருந்தன. இவை பிற்காலத்தில் ஒரு பெரிய கேள்விக்கு விடை காண உதவின.

அவரைக் குடும்பச் செடிகளுள் வியப்பூட்டும் ஒன்று அந்தீரா. புல்வெளியில் நடந்து செல்பவரின் கண்ணுக்கு அது ஒரு மரமாகவே தோன்றாது. முழங்கால் உயரம் கூட இல்லாத சிறு புதர்கள் ஓரிடத்தில் கூட்டமாக முளைத்திருப்பது போல் தெரியும். ஒவ்வொன்றையும் தனிச் செடி என்றே எவரும் எண்ணுவர். மண்ணைத் தோண்டினால் காட்சி மாறும். புதர்கள் அனைத்தும் மண்ணுக்கு அடியில் தடித்த கிளைகளாக ஒன்றோடொன்று இணைந்திருக்கும். அக்கிளைகள் மேலும் இறங்கி, பருத்த அடித்தண்டு ஒன்றில் சேரும். மேலே தெரிந்தவை கிளைகளின் நுனிகள் மட்டுமே. மரம் முழுவதும் மண்ணுக்குள் மறைந்திருக்கும். வார்மிங் இந்த நிலத்தடி மரத்தைப் பற்றித் தம் நூலில் விளக்கி எழுதினார். தாவரவியல் உலகம் அதைப் பல காலம் எடுத்துக்காட்டாகப் பேசியது.

அந்தீராவின் காயைப் பார்த்தாலும் குழப்பம்தான். அவரைக்காயைப் போல் நீண்டு, வெடித்துத் திறக்கும் காய் அன்று அது. கொட்டையைச் சதை மூடிய காய். வௌவால்கள் அதைத் தூக்கிச் சென்று உண்டுவிட்டுக் கொட்டையைப் போடும். ஆயினும், அதன் பூ பட்டாணிப் பூவின் வடிவத்தைக் கொண்டது. பூவைப் பார்த்தவர் மட்டுமே அதன் குடும்பத்தைச் சொல்ல முடியும். அதே பேரினத்தில் காட்டில் ஓங்கி வளரும் மரங்களும் உண்டு என்பதை அறிந்தால் வியப்பு இன்னும் கூடும்.

ஒரு மரம் ஏன் மண்ணுக்குள் ஒளிய வேண்டும்? வறண்ட காலத்தின் முடிவில் செராடோவைப் பார்ப்பவருக்கு ஒரு விடை தோன்றும். கால்நடை வளர்ப்போர் அக்காலத்தில் புல்வெளிக்குத் தீ வைப்பது வழக்கம். பழைய புல் எரிந்தால்தான் மாடுகளுக்கு இளம்புல் முளைக்கும். தீ விரைவாக ஓடி, நிலத்தைக் கரியாக்கிவிடும். ஆனால், சில வாரங்களுக்குள், மழை தொடங்கும் முன்பே, கரிய மண்ணிலிருந்து தளிர்களும் பூக்களும் எழும். தீ மேலே ஓடும்போது உயிர் கீழே பத்திரமாக இருந்திருக்கிறது. தடித்த பட்டையும் நிலத்தடித் தண்டும் இந்த நிலத்துச் செடிகளின் கவசங்கள்.

இங்குதான் அந்தப் பெரிய கேள்வி எழுந்தது. செராடோ இயற்கையாகத் தோன்றிய நிலமா, அல்லது மனிதர் வைத்த தீயால் அழிந்த காட்டின் மிச்சமா? முதியவர் லுண்ட் 1830களிலேயே ஒரு கருத்தை எழுதியிருந்தார். முன்பு அங்குக் காடு இருந்தது, மீண்டும் மீண்டும் எரித்ததால் அது புல்வெளியாயிற்று என்பது அவர் கருத்து. வார்மிங்கைப் பரிந்துரைத்த ரைன்ஹார்ட் அதை ஏற்கவில்லை. ஒருவர் தமக்கு இடம் கொடுத்தவர். மற்றவர் தமக்கு வழி காட்டியவர். இருவருக்கும் இடையே யார் சரி என்பதை உரையாடலால் தீர்க்க முடியாது. அதற்குத் தேவைப்பட்டது செடிகளின் முழுமையான பட்டியல். வார்மிங்கின் கையில் உருவாகிக்கொண்டிருந்தது அதுவே.

1866ஆம் ஆண்டு வார்மிங் டென்மார்க் திரும்பினார். அவருடன் பல்லாயிரம் உலர்ந்த மாதிரிகளும் சென்றன. அதன் பிறகு அவர் லகோவா சாந்தாவுக்கு மீண்டும் செல்லவில்லை. மூன்று ஆண்டு அலைந்ததைவிடக் கடினமான பணி இனிமேல்தான் தொடங்கவிருந்தது.

ஒவ்வொரு மாதிரிக்கும் சரியான பெயர் வேண்டும். அறிவியலுக்கு அது ஏற்கெனவே தெரிந்த சிற்றினமா, புதியதா என்று பார்க்க வேண்டும். உலகின் எல்லாத் தாவரக் குடும்பங்களையும் ஒருவரே அறிந்திருக்க முடியாது. வார்மிங் ஓராண்டு மியூனிக் நகரில் தங்கி, பிரேசில் தாவரங்களைப் பற்றிய மாபெரும் நூல் வரிசையைத் தொடங்கிய மார்ட்டியஸ் என்பவரிடம் கற்றார். அந்த நூல் வரிசைக்கு அவரைக் குடும்பத்தை வகைப்படுத்திக் கொடுத்தவர் ஜார்ஜ் பெந்தம் என்னும் ஆங்கிலேயர். அவர் பிரேசிலை ஒருமுறை கூடப் பார்த்ததில்லை. லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்தில் அமர்ந்து, பிறர் அனுப்பிய உலர்ந்த கிளைகளை மட்டுமே பார்த்து அப்பணியைச் செய்து முடித்தார். அவருடைய கூர்மை வியப்புக்குரியது. எனினும், உலர்ந்த கிளை தன் வேர் எப்படியிருந்தது என்று சொல்லாது. தீக்குப் பின் எப்படித் துளிர்த்தது என்றும் சொல்லாது. அதைச் சொல்ல நிலத்தில் நின்றவர்தான் வேண்டும்.

வார்மிங் தம் மாதிரிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தார். சிலவற்றைத் தாமே ஆராய்ந்தார். மற்றவற்றைப் பல நாடுகளில் இருந்த 50க்கும் மேற்பட்ட வல்லுநர்களுக்கு அனுப்பினார். சிலர் விரைவாக விடையளித்தனர். சிலருக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. வந்த முடிவுகள் 1867ஆம் ஆண்டு தொடங்கி 1893ஆம் ஆண்டு வரை 40 பகுதிகளாக வெளிவந்தன. மூன்று ஆண்டுகளில் திரட்டியதை ஒழுங்குபடுத்த 26 ஆண்டுகள் ஆயின. விரைவில் புகழ் பெற நினைப்பவர் இத்தகைய பணியைத் தொடவே மாட்டார்.

அந்த இடைக்காலம் எளிதாகக் கழியவில்லை. 1871ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்று, அவ்வாண்டிலேயே திருமணமும் செய்துகொண்டார். எட்டுப் பிள்ளைகள் பிறந்தனர். கோப்பன்ஹேகனில் தாவரவியல் பேராசிரியர் பதவி காலியானபோது, தகுதி பெற்றவர் வார்மிங்கே என்று பலர் கருதினர். ஆனால், அப்பதவி அவரைவிட மூத்த ஒருவருக்குச் சென்றது. வார்மிங் விரிவுரையாளராகப் பல கல்வி நிலையங்களில் பாடம் நடத்தி வந்தார். 1882ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுத் தலைநகர் ஸ்டாக்ஹோமில் பேராசிரியரானார். மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே தாய்நாட்டில் அவருக்கு அப்பதவி கிடைத்தது. 1884ஆம் ஆண்டு பனி மூடிய கிரீன்லாந்துக்குச் சென்று அங்குள்ள குட்டைச் செடிகளையும் ஆராய்ந்தார். வெயிலில் சுடும் சவானாவையும் பனிக்காற்று வீசும் கிரீன்லாந்தையும் கண்ட ஒருவருக்கு, செடிகள் தாம் வாழும் சூழலுக்கு ஏற்ப வடிவம் கொள்கின்றன என்பது நன்கு விளங்கியிருக்கும்.

1892ஆம் ஆண்டு, லகோவா சாந்தா என்ற ஊரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அவருடைய நூல் டேனிஷ் மொழியில் வெளிவந்தது. அதில் சுமார் 2,600 தாவரச் சிற்றினங்கள் இடம்பெற்றன. ஆனால், அது வெறும் பெயர்ப் பட்டியல் அன்று. எந்தச் செடி காட்டில் வளர்கிறது, எது மேட்டில் வளர்கிறது, எது ஏரிக்கரையில் வளர்கிறது, ஏன் அங்கு வளர்கிறது என்று அந்நூல் கேட்டது.

லுண்டின் கருத்துக்கும் அதில் விடை இருந்தது. புல்வெளி, எரிந்த காட்டின் மிச்சமாக இருந்தால், அங்குள்ள செடிகளும் காட்டுச் செடிகளாகவே இருக்க வேண்டும். ஆனால், பட்டியல் வேறுவிதமாகக் காட்டியது. மேட்டு நிலத்துச் செடிகள் பெரும்பாலும் காட்டில் இல்லாத தனிச் சிற்றினங்கள். இரண்டு ஜடோபாக்களைப் போன்ற இணைகளே அதற்குச் சான்று. ஒரு பேரினத்திலிருந்து சவானாவுக்கென்றே தனிச் சிற்றினம் பிரிந்து உருவாக மிக நீண்ட காலம் பிடிக்கும். மனிதர் சில நூறு ஆண்டுகளாக வைத்த தீயால் அது நடந்திருக்க முடியாது. எனவே, செராடோ தொன்மையான நிலம். தீ அதைச் சற்று மாற்றியமைத்திருக்கலாம், உருவாக்கவில்லை. வார்மிங் இம்முடிவுக்கு வந்தபோது லுண்ட் உயிருடன் இல்லை. அவர் 1880ஆம் ஆண்டே லகோவா சாந்தாவில் காலமாகிவிட்டார்.

ஒரு செடியின் பெயரைச் சரியாக அறிவதில் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு ஜடோபாக்களுக்கும் ஒரே பெயர் இடப்பட்டிருந்தால், அந்த வாதமே எழுந்திருக்காது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1895ஆம் ஆண்டு, வார்மிங் தம் மாணவர்களுக்கு நடத்திய விரிவுரைகளை அடிப்படையாகக் கொண்டு தாவரச் சமூகங்களைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். ஒரே இடத்தில் வாழும் செடிகள், நீர், வெப்பம், மண், ஒளி ஆகியவற்றோடும் ஒன்றோடொன்றும் கொண்டுள்ள உறவை அந்நூல் விளக்கியது. அது மறு ஆண்டே ஜெர்மன் மொழியில் வந்தது. 1909ஆம் ஆண்டு விரிவான ஆங்கிலப் பதிப்பும் வெளிவந்தது. அமெரிக்காவில் மணல் மேடுகளின் செடிகளை ஆராய்ந்த கௌல்ஸ், பின்னர்ச் சூழல்மண்டலம் என்ற கருத்தை அறிமுகப்படுத்திய இங்கிலாந்தின் டான்ஸ்லி போன்றோர் அந்நூலால் ஊக்கம் பெற்றனர். சூழலியல் என்ற சொல்லை ஜெர்மன் அறிஞர் ஹெக்கெல் 1866ஆம் ஆண்டு உருவாக்கினார். வார்மிங் பிரேசிலிலிருந்து திரும்பிய ஆண்டும் அதுவே. சொல் ஒருவருடையது, அச்சொல்லுக்குத் தாவர உலகில் உருவம் கொடுத்தவர் இன்னொருவர்.

வார்மிங் கூறியவை அனைத்தும் நிலைத்துவிடவில்லை. செராடோ மரங்கள் நீர்ப் பஞ்சத்தாலேயே குட்டையாகவும் விறைத்த இலைகளோடும் வளர்கின்றன என்று அவர் கருதினார். 1940களில் சாவோ பாவ்லோவைச் சேர்ந்த ராவிட்ச்சர், ஃபெர்ரி ஆகிய ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். கோடையிலும் ஆழ்மண்ணில் ஈரம் இருப்பதையும், ஆழ வேரூன்றிய மரங்கள் பல வறண்ட காலத்திலும் தாராளமாக நீரை ஆவியாக்குவதையும் அவர்கள் கண்டார்கள். செராடோ மண்ணில் ஊட்டச்சத்துக் குறைவு, அலுமினியம் மிகுதி என்பவையும் முக்கியக் காரணங்கள் என்று பின்னர்த் தெரிய வந்தது. அதே ஆய்வாளர்கள்தாம் வார்மிங்கின் நூலைப் பெரிதும் போற்றியவர்கள். அவருடைய நூல் 1908ஆம் ஆண்டு போர்ச்சுகீசிய மொழியில் வெளிவந்திருந்தது. ஃபெர்ரி அதை 1973ஆம் ஆண்டு தம்முடைய ஆய்வோடு சேர்த்து மீண்டும் வெளியிட்டார்.

வார்மிங் 1911ஆம் ஆண்டு பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1924ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் கோப்பன்ஹேகனில் காலமானார். அவர் கொண்டு சென்ற மாதிரிகள் அந்நகரின் உலர்தாவரக் காப்பகத்தில் உள்ளன.

லகோவா சாந்தா இப்போது 42 நாள் பயணத் தொலைவில் இல்லை. வார்மிங் வந்தபோது இல்லாத பெலோ ஒரிசோன்ட்டி என்னும் பெருநகரம் அதற்கு அருகே எழுந்துவிட்டது. விமான நிலையமும் பக்கத்தில்தான் உள்ளது. செராடோவின் ஏறத்தாழப் பாதி நிலம் வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிவிட்டது. அங்குப் பெருமளவில் பயிரிடப்படுவது சோயா அவரை. கிழக்காசியாவிலிருந்து வந்த ஓர் அவரைச் செடிக்காக அந்நிலத்துக்கே உரிய அவரைச் செடிகள் இடத்தை இழந்து வருகின்றன. லகோவா சாந்தாவுக்கு அருகில் சுமிடோரோ மாநிலப் பூங்கா 1980ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டது. லுண்ட் தோண்டிய குகைகளில் சிலவும், அவற்றைச் சூழ்ந்த காடும் சவானாவும் அதன் எல்லைக்குள் பாதுகாக்கப்பட்டுள்ளன. செராடோவில் உழப்படாமல் எஞ்சியுள்ள மேடுகளில் இன்றும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் புல் பழுப்பாகிறது. அதன் நடுவே, சிறு புதர்க் கூட்டம் போல, அந்தீராவின் கிளை நுனிகள் தலை நீட்டுகின்றன.